தொட்டிக்குள் அடங்காத மீனுக்கு இன்னொரு வீடு: புதிதாக மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்கர் மீன் குட்டியைக் கடையில் பார்க்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். நன்றாகத் தின்றால் ஒரு வருடத்தில் பத்து அங்குலத்தை நெருங்கிவிடும். அப்புறம் இரண்டடித் தொட்டியில் அது திரும்புவதைக் கவனித்துப் பாருங்கள், உடம்பை வளைத்து, வாலைக் கண்ணாடியில் உரசிக்கொண்டுதான் திரும்பும். அந்த நிலைமைக்கு வந்துவிட்டவர்களுக்கும் சீக்கிரமே வரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, நம் ராமநாதபுரம் கரையோரத்தில் இதற்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. பெரிய மீனைத் திருப்பி எடுத்துக்கொள்கிற கடைகள் குறைவு, தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும், வெயில் வேறு.

கண்மாய் பக்கம் போகவே வேண்டாம்

தேடத் தொடங்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: கண்மாயிலோ, ஊரணியிலோ, கோயில் குளத்திலோ, கடலிலோ விடப்போவதில்லை. "பாவம், அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும்" என்று நல்ல மனதோடுதான் பலர் விடுகிறார்கள், தீர்த்தக் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிழைக்கத் தெரியாத மீன் அங்கே செத்துப்போகும், பிழைத்துக்கொள்கிற மீன் ஊருக்கே தொல்லையாகிவிடும்.

சக்கர் மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லிக் கொடுப்பார்களே, அதேதான். ஒன்றரை அடி வரை வளரும். முட்டையிடுவதற்காகக் கரையில் வளை தோண்டும், மூன்று நான்கு அடி ஆழம்கூடப் போகும், இது தொட்டியில் வைத்திருக்கும்வரை நமக்குத் தெரியவே தெரியாது. நம் கண்மாய்க் கரைகள் எல்லாம் மண்கரை. அதில் இப்படி வளை விழுந்தால் மழைக்காலத்தில் கரை என்ன ஆகும் என்று விவசாயம் பார்க்கிற யாரையாவது கேளுங்கள். தண்ணீர் வற்றினாலும் ஈரமான வளைக்குள் காற்றைச் சுவாசித்தபடி தாக்குப்பிடிக்கும். கோடையில் ஊரே இறங்கி ஊத்தாவும் வலையுமாக விராலும் கெண்டையும் அள்ளுகிற மீன்பிடித் திருவிழாவில் சக்கர் சிக்கினால், அதன் முதுகு முள்ளும் பக்கத் துடுப்பு முள்ளும் விறைத்து நின்று வலையைக் கிழிக்கும், கிடைத்த மீனையும் வாங்க ஆள் இருக்காது. போர்ட்டோ ரிக்கோவில் கூழைக்கடாக்கள் இதை விழுங்கப்போய்த் தொண்டையில் மாட்டிச் செத்தது பதிவாகியிருக்கிறது. நம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று நான்கு பறவைகள் சரணாலயங்கள் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கின்றன, நான்குமே கண்மாய்கள்தான். அங்கே வருகிற பறவைக்கு இந்த முள்ளை நாம் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது.

சென்னைப் பக்கத்து நீர்நிலைகளில் சக்கர் ஏற்கெனவே பெருகிவிட்டது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு அரபைமாவும் அலிகேட்டர் காரும் ஆற்று வலைகளில் சிக்கின, இரண்டும் அமெரிக்கக் கண்டங்களின் மீன்கள், வளர்த்த இடங்களிலிருந்து தண்ணீரோடு வெளியே வந்தவை.

கடலில் விடுவது அதைவிடக் கொடுமை. நன்னீர் மீனின் உடம்பிலிருந்து உப்புத் தண்ணீர் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும், துடித்துத்தான் சாகும்.

சரி, கடல் மீனையே தொட்டியில் வளர்ப்பவர்கள்? நம் கரையோரத்தில் இது உண்டு. கரைவலையில் வந்த கலவாக் குட்டியையோ கிளாத்தியையோ வாளியில் எடுத்துவந்து வளர்ப்பார்கள், பெரிதானதும் "இங்கே பிடித்ததுதானே, இங்கேயே விடுகிறேன்" என்பார்கள். வெளியிலிருந்து வாங்கிய மீன்களோடும் கற்களோடும் ஒரே தண்ணீரில் இருந்த மீன் அவற்றின் நோயையும் ஒட்டுண்ணியையும் சேர்த்துத்தான் கடலுக்குக் கொண்டுபோகும். மன்னார் வளைகுடாவில் வெளியிலிருந்து வந்த ஒரு உயிர் என்ன செய்யும் என்பதை நாம் பார்த்துவிட்டோம், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளத்தின் மேலேயே படர்ந்தது 2008-ல் பதிவானது. ஆகவே கடல் மீன் விஷயத்தில் சொந்தமாக முடிவெடுக்காமல் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்தில் ஆலோசனை கேளுங்கள். கடல் குதிரை, கடல் அட்டை, உயிருள்ள பவளம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, அவற்றை எடுத்துவருவதே குற்றம்.

முதலில் மீனை அளந்து பாருங்கள்

தொட்டிக்கு வெளியே ஸ்கேலையோ டேப்பையோ ஒட்டிவைத்து, மீன் கண்ணாடியை ஒட்டி வரும்போது போட்டோ எடுங்கள். வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்புறம் தொட்டியின் அகலத்தைப் பாருங்கள், அதாவது முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி. மீனின் நீளம் அந்த அகலத்தைத் தாண்டிவிட்டால் அந்தத் தொட்டி அதற்குப் போதாது. நீளத்தை மட்டும் பார்த்து "நாலடித் தொட்டிதானே" என்று ஏமாந்துவிடாதீர்கள், திரும்புவதற்கு அகலம்தான் வேண்டும்.

"தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். சின்னத் தொட்டியில் அழுக்குத் தண்ணீரில் வளர்ச்சி குன்றும், முதுகு வளையும், ஆயுளும் குறையும். அதை அளவோடு வளர்வது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எந்த மீன் எவ்வளவு வளரும் என்பது தெரிந்திருந்தால் எங்கே தேடுவது என்பதும் பாதி தெரிந்துவிடும். ஆஸ்கர் ஒரு அடியைத் தாண்டும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். சில்வர் அரோவானா மூன்று அடி. ஷார்க் என்று பெயர் சொல்லி விற்கிற பங்காசியஸ் மூன்றடிக்கு மேல், அது சுறாவே இல்லை, கெளுத்தி வகை. ரெட் டெயில் கேட்ஃபிஷ்ஷும் அதே அளவுக்கு வரும், வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கிவிடும். ஜெயன்ட் கௌராமியும் கோயும் இரண்டடி. பிரானா என்று சொல்லிக் கொடுக்கிற குட்டிகளில் பெரும்பாலும் இருப்பது பாக்கு, மீன் சந்தையில் ரூப்சந்த் என்கிறோமே அதுதான், கிலோக்கணக்கில் வளரும். அலிகேட்டர் கார் ஆறடியையும் தாண்டக்கூடியது, அதை எந்த வீட்டுத் தொட்டியும் தாங்காது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முழுசாக வளர்ந்த பிறகு தேடாதீர்கள், பாதி வளரும்போதே தேடத் தொடங்குங்கள். எட்டு அங்குல அரோவானாவை வாங்க ஆள் உண்டு. இரண்டரை அடி அரோவானாவுக்கு ஆளும் கிடைக்காது, ஏற்றிக்கொண்டு போக வண்டியும் கிடைக்காது.

வீடு கிடைக்கும்வரை

தேடுவதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரைக்கும் மீன் தாங்க வேண்டும். தீனியைக் குறையுங்கள், பெரிய மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலே போதும். வாரத்துக்கு இரண்டு முறை கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை மாற்றுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் குளோரின் இருக்கும், திறந்த டிரம்மில் பிடித்து ஏர் பம்பு போட்டு ஒருநாள் வைத்த பிறகு ஊற்றுங்கள், இல்லையென்றால் ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் திடீரென்று மொத்தமாக மாற்ற வேண்டாம். மூடியின் மேல் கனமாக ஏதாவது வையுங்கள், இடம் போதாத அரோவானா ராத்திரியில் குதிக்கும். கரண்ட் போனால் பெரிய மீன்தான் முதலில் மூச்சுத் திணறும், அதனால் பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும், கொண்டுபோகிற நாளிலும் அது வேண்டும்.

இடமும் வசதியும் இருப்பவர்கள் வேறு வீடு தேடாமல் தாங்களே பெரிதாகக் கட்டிவிடலாம். தார்ப்பாய்த் தொட்டி, சிமென்ட் தொட்டி, கிணற்று உறையை வைத்துக் கட்டியது, எதுவானாலும் சரி. எட்டடி நீளம், நாலடி அகலம், மூன்றடி உயரம் என்றால் 2,700 லிட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட 2.7 டன் எடை. மாடியில் வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். புதுச் சிமென்ட்டில் சுண்ணாம்பு இறங்கும், இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, இறைத்து, மறுபடி நிரப்பி, அப்புறம்தான் மீனை விட வேண்டும். மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டுங்கள், கொக்கும் பூனையும் அண்டாது. அந்த வலைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

யாரிடம் கொடுப்பது

முதலில் வாங்கிய கடை. "அண்ணே, ஆஸ்கர் பெருசாயிருச்சு, எடுத்துக்குவீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். காசு எதிர்பார்க்காதீர்கள், தீனி பாக்கெட்டோ சின்ன மீனோ கொடுத்தால் லாபம். கடையில் அது எந்தத் தொட்டியில் இருக்கும், எத்தனை மீனோடு இருக்கும் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். சண்டைக்கார மீன்கள் நெருக்கியடிக்கிற தொட்டி என்றால் வேண்டாம்.

ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் கிடைக்கவில்லை என்றால் மதுரை. பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் அங்கே அதிகம், சாலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான். அபூர்வமான, விலை உயர்ந்த மீனாக இருந்தால் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் விசாரிக்கலாம். ஆனால் அவ்வளவு தூரப் பயணம் ஒரு பெரிய கெளுத்தியைப் படாதபாடு படுத்தும் என்பதால், அது கடைசி வழிதான் என்பது என் அபிப்பிராயம்.

தோட்டக் குளம், விடுதி முற்றத்துக் குளம் வைத்திருப்பவர்களையும் கேளுங்கள். கோய், கோல்ட்ஃபிஷ், கௌராமி இந்த மூன்றும் அங்கே நன்றாக வாழும். கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "ஐப்பசி கார்த்திகை மழையில் குளம் வழிந்தால் தண்ணீர் எங்கே போகும்?" என்பது. வாய்க்காலுக்கோ கண்மாய்க்கோ போகும் என்றால், வழிகிற வாயில் நெருக்கமான கம்பிவலை கட்டியிருந்தால் ஒழியக் கொடுக்காதீர்கள். சக்கர் மீனை மண்குளத்துக்குக் கொடுக்கவே வேண்டாம், சிமென்ட் தொட்டி மட்டும்தான்.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாடு போகிறவர்களின் பெரிய தொட்டிகள் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அவ்வப்போது விலைக்கு வரும். மீனுக்கு ஆள் தேடும்போதே தொட்டியையும் விசாரித்து வையுங்கள்.

ஏசியன் அரோவானாவும் அரபைமாவும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. 2024 விதிகளின்படி இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பங்காசியஸ், ரூப்சந்த், கௌராமி வளர்ப்பவர்களிடம் "குழம்பு வைத்துவிட வேண்டியதுதானே" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். மூன்றும் உணவு மீன்கள்தான், ஆனால் தொட்டியில் மெத்திலின் ப்ளூ, மாலகைட் கிரீன் என்று மருந்து விட்டிருந்தால் அந்த மீனைச் சாப்பிடக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

எழுதும்போதும் பேசும்போதும்

வாட்ஸ்அப்பில் போடும்போது "பெரிய மீன் இருக்கு, வேணுமா" என்று மட்டும் போட்டால் வேண்டாதவர்கள்தான் வருவார்கள். மீனின் பெயர், அளவு தெரிகிற போட்டோ, எத்தனை வருடமாக வளர்க்கிறீர்கள், என்ன தின்னும், எதனோடு ஒத்துப்போகும், எதைத் தின்றுவிடும், உங்கள் தண்ணீரின் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு, குறைந்தது எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், இவ்வளவும் எழுதுங்கள். ஆஸ்கரின் தலையில் குழி விழுந்திருந்தால், துடுப்பு கிழிந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டும் வருகிறவர்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்.

வருகிறவரிடம் தொட்டியின் போட்டோவை, முடிந்தால் வீடியோவைக் கேளுங்கள். என்ன ஃபில்டர், இப்போது உள்ளே என்ன மீன் இருக்கிறது என்று கேளுங்கள். "நாளைக்கே தொட்டி வாங்கிவிடுவேன்" என்பவருக்குத் தொட்டி வாங்கித் தண்ணீர் பதமான பிறகு தருவதாகச் சொல்லுங்கள். பெரிய மீன் சின்ன மீனைப் பிடிப்பதை வேடிக்கை பார்க்கக் கேட்பவர்களும் வருவார்கள், பேச்சிலேயே தெரிந்துவிடும், கொடுக்காதீர்கள்.

கொண்டுபோகும் நாள்

நாள் முடிவானதும் அவர் வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ்ஸைக் கேட்டு வாங்குங்கள். ஆர்ஓ தண்ணீர் போடுகிற கடைகளில் மீட்டர் இருக்கும், ஒரு பாட்டில் கொண்டுபோனால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். உங்களிடம் 1,500, அவரிடம் 400 என்றால், ஒரு வாரம் பத்து நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் கலந்து உங்கள் தொட்டியை அவர் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நம் ஊரில் மீனைக் கைமாற்றும்போது வழியில் சாவதைவிடப் போய்ச் சேர்ந்த இரண்டாம் மூன்றாம் நாளில் சாவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது, இந்த வேலையைச் செய்தால் அதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

புறப்படுவதற்கு முன் இரண்டு நாள் தீனி போடாதீர்கள். மனசு கேட்காது, ஆனாலும் போடாதீர்கள். வயிற்றில் இருப்பதெல்லாம் வழியில் கழிவாகி, அந்தக் கொஞ்சத் தண்ணீரில் அம்மோனியாவாக ஏறும்.

விடியற்காலையில் கிளம்புங்கள், வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு அடிக்குள் இருக்கிற, முள் இல்லாத மீனைக் கடையில் ஆக்சிஜன் பேக்கிங் செய்து தருவார்கள். கனமான பாலிதீன் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் செய்தித்தாள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். பையின் மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டச் சொல்லுங்கள், மீன் மூலையில் போய்ச் சிக்கிக்கொள்ளாது. அதை மீன் ஏற்றுமதிக்குப் பயன்படுத்துகிற தெர்மாகோல் பெட்டிக்குள் படுக்கையாக வைத்தால் சூடு ஏறாது. பழைய பெட்டி என்றால் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், சோப்பு போட வேண்டாம்.

சக்கருக்கும் கெளுத்தி வகைகளுக்கும் பை ஆகாது, முள் குத்திக் கிழித்துவிடும். மூடியுள்ள பேரலில் பாதி அளவு தொட்டித் தண்ணீரையே ஊற்றி, பேட்டரி ஏர் பம்பு போட்டு, மூடியை லேசாகத் திறந்து கட்டிக் கொண்டுபோங்கள். பிடிக்கும்போதும் வலை வேண்டாம், வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பை தண்ணீருக்குள் சாய்த்து மீனை அதற்குள் ஓட்டிவிட்டு, தண்ணீரோடு தூக்குங்கள். தப்பித்தவறி வலையில் முள் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். விறைத்த முள்ளை மீன் தானாக மடக்காது, இழுக்க இழுக்க அடிச்சதை கிழியும். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முள்ளைச் சுற்றி வலைக்கண்ணைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். வலை போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு சேர்த்தால் பயண அழுத்தம் குறையும், வாலிநோக்கம் உப்பே போதும். செதில் இல்லாத கெளுத்திக்கு அதிலும் பாதி. பெட்டியை இருட்டாக மூடிவையுங்கள், வழியில் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும்

மூடிய பையை அவர் தொட்டித் தண்ணீரில் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகட்டும். அரை மணி, ஒரு மணி நேரப் பயணம் என்றால் பையைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீர் கலந்து விடலாம். மதுரை மாதிரி மூன்று மணி நேரம் பையில் இருந்த மீனுக்கு அப்படிச் செய்யக் கூடாது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, தண்ணீரின் பிஎச் என்கிற அமில கார அளவு ஏறி, அதுவரை சும்மா இருந்த அம்மோனியம் நஞ்சான அம்மோனியாவாக மாறும். திறந்தவுடன் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாமல், மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். டிடிஎஸ்ஸை முன்பே சரிசெய்து வைத்திருந்தால் பயமில்லை.

அன்று விளக்குப் போட வேண்டாம், தீனியும் வேண்டாம். ஆஸ்கர் முதல் நாளில் ஒரு பக்கமாகச் சாய்ந்து செத்தது போலக் கிடக்கும், புது இடத்துக்குப் போனால் அதன் வழக்கம் அது, வாங்கியவர் பதறாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் அது பழகிய தீனியையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு போன் போட்டு, தின்கிறதா என்று கேளுங்கள்.

யாருமே எடுக்காத, குணமாகாத நோயோடு துன்பப்படுகிற மீன் என்றால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். கிராம்பு எண்ணெய் மூலம் மயக்கி வலியில்லாமல் முடிக்கிற முறை இருக்கிறது, அளவை அவர் சொல்ல வேண்டும். கண்மாயில் தூக்கிப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

காலித் தொட்டி

இரண்டடித் தொட்டி காலியானதும் கடைக்கு ஓடத் தோன்றும். அடுத்த முறை காசு கொடுக்கும் முன் "இது முழுசா வளர்ந்தா எவ்வளவு இருக்கும்ணே?" என்று கேளுங்கள், அதோடு நிற்காமல் போனிலும் தேடிப் பாருங்கள். நம் ஊர்க் கடினத் தண்ணீருக்கு மோலியும் கப்பியும் நன்றாக ஒத்துவரும், மோலி லேசான உப்பையும் தாங்கும், இரண்டும் இரண்டடித் தொட்டியில் கடைசிவரை நிம்மதியாக வாழும். குட்டி போட்டுப் பெருகிவிடும் என்பதால் ஆண் மீன்களை மட்டும் கேட்டு வாங்குங்கள், வயிற்றுக்கு அடியில் இருக்கிற துடுப்பு விசிறி போல விரியாமல் குச்சியாக நீண்டிருந்தால் அது ஆண்.